கோடையில் கான்கூன்: கேட்கிறீர்கள், சொல்கிறேன்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் மெக்சிகோக் கடற்கரை பற்றியவை. பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: டிசம்பரில் இரவுக்கு 500 டாலர் சொன்ன அதே கான்கூன் ரிசார்ட், ஜூலைக் கடைசியில் 260-க்குக் கிடைக்கிறது. பிள்ளைகளுடன் நால்வர். எடுக்கலாமா? (சான் ஹோசே)

ப: விலை ஏன் இறங்கியது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். வெயிலும் புழுக்கமும் ஒரு காரணம். புயல் இன்னொன்று. அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் உச்சம். 2005-இல் கான்கூனைச் சிதைத்த வில்மா வந்தது அக்டோபரில். ஆனால் 2024-இல் பெரில் புயல் ஜூலை 5-ஆம் தேதியே, கான்கூனுக்குத் தெற்கே உள்ள துலும் அருகே கரை கடந்தது. ஆகவே ஜூலையில் புயலே வராது என்று நம்ப வேண்டாம்.

மூன்றாவது காரணத்தை எந்த விளம்பரமும் சொல்லாது: சர்கஸோ எனும் பழுப்புக் கடல்பாசி. வசந்த காலத்திலிருந்து ஆகஸ்ட் வரை கிழக்கு பார்த்த கரைகளில் மலைமலையாக ஒதுங்கும். இரண்டு நாள் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றம். கான்கூனின் ஓட்டல் பகுதி வரைபடத்தில் 7 என்ற எண்ணைப் போல இருக்கும். அதன் மேல் கை, அதாவது குகுல்கான் சாலையின் 3-ஆம் கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 9 வரை, வடக்கே விரிகுடாவைப் பார்த்தது. அங்கே பாசி குறைவு, அலையும் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. 10-ஆம் கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். நீரோட்டம் வலு, சிவப்புக் கொடி பறக்கும் நாள்கள் அதிகம். ரிசார்ட்டின் பெயரைப் பார்க்கும் முன் அதன் கிலோமீட்டர் எண்ணைப் பாருங்கள். இஸ்லா முஹேரஸ் தீவின் வடகரையும் கோசுமெல் தீவின் மேற்குக் கரையும் பெரும்பாலும் பாசிக்குத் தப்பும்.

முன்பதிவு செய்யும் முன், அந்த ரிசார்ட்டைப் பற்றி விருந்தினர்கள் கடந்த பத்து நாளில் போட்ட படங்களைத் தேடிப் பாருங்கள். ரிசார்ட் தரும் படத்தில் பாசி இருக்காது. ரத்து செய்யக்கூடிய கட்டணம் இரவுக்கு இருபது டாலர் கூடுதலானாலும் அதையே எடுங்கள். செக்-இன் நேரத்தில் ‘சனேயாமியெந்தோ அம்பியெந்தால்’ என்ற நகராட்சி வரியை அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். தொகை சிறியது, ஏமாற்றும் அல்ல. கான்கூன் இருக்கும் குவிந்தானா ரோ மாநிலம் வெளிநாட்டுப் பயணிகளிடம் கேட்கும் ‘விசிடாக்ஸ்’ வரி வேறு. அதைக் கட்டுவதானால் gob.mx என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் கட்டுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள் கூடுதல் காசு பிடுங்குகின்றன.

கே: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதி, ஐ-797 என்னும் ஒப்புதல் தாள் மட்டும் 2027 வரை இருக்கிறது. டிக்கெட்டும் ரிசார்ட்டும் பணம் திரும்பாத கட்டணத்தில் வாங்கிவிட்டோம். மெக்சிகோவுக்கு விசா வேண்டாமே? (டல்லாஸ்)

ப: வேண்டும். இதைக் கேட்க வேண்டியது கார்டைத் தேய்க்கும் முன். இந்தியப் பாஸ்போர்ட்காரர் மெக்சிகோ விசா இல்லாமல் போகச் செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. ஐ-797 விசா அல்ல. விமான நிறுவனக் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் குழம்பியது எங்கே என்று புரிகிறது. காலாவதியான ஸ்டாம்போடு மெக்சிகோவிலிருந்து 30 நாளுக்குள் அமெரிக்கா திரும்பலாம் என்ற விதி உண்டு. ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்ற நுழைவுப் பதிவு) செல்லுபடியாக இருக்க வேண்டும், அங்கே இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. அது திரும்பி வருவதற்கான விதி. மெக்சிகோவுக்குள் நுழைய அது உதவாது. இன்றே மெக்சிகோத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள். உங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து நகரத் தூதரகங்களையும் பாருங்கள். ஐ-94 அச்சுப் பிரதியைக் கையில் வையுங்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

கே: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துப் போகிறோம். அவர்களுக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் போதாதா? (அட்லாண்டா)

ப: பல பாலிசிகள் அமெரிக்காவுக்கு வெளியே மிகக் குறைவாகத்தான் தரும், சில எதுவுமே தராது. பாலிசியில் எந்த நாடுகளுக்குப் பாதுகாப்பு என்ற பக்கத்தை எடுத்துப் படியுங்கள். மெக்சிகோ இல்லையென்றால் பயணக் காப்பீடு தனியாக வாங்குங்கள். சுற்றுலாப் பகுதித் தனியார் மருத்துவமனைகள் கார்டில் முன்பணம் பிடித்த பிறகே சிகிச்சை தொடங்குவது வழக்கம். ஆகவே வரம்பு அதிகமுள்ள ஒரு கார்டைக் காலியாக வையுங்கள். அவர்களின் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: புயலுக்குப் பெயர் வைத்துச் செய்தியில் சொல்கிறார்கள். இப்போது இன்சூரன்ஸ் வாங்கலாமா? (டாம்பா)

ப: வாங்கலாம், அந்தப் புயலுக்கு மட்டும் பைசா தரமாட்டார்கள்.

கே: நாளுக்கு 6 டாலர் என்று வாடகைக் கார் எடுத்தோம். விமான நிலையக் கவுண்டரில் நாளுக்கு 38 ஆகிவிட்டது. கிரெடிட் கார்டில் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றோம், கேட்கவில்லை. இது மோசடிதானே? (ஆஸ்டின்)

ப: விளம்பர விலை மோசடி. கவுண்டரில் கேட்டதில் பாதி சட்டப்படி சரி. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் நெடுநாளாக இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கிரெடிட் கார்டு தருவது வாடகைக் காருக்கு வரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் மட்டுமே. நீங்கள் இன்னொருவரை இடித்தால், அவர் காருக்கோ உயிருக்கோ அது பொறுப்பேற்காது. அந்த மூன்றாம் தரப்புக் காப்பீடு மெக்சிகோவில் கட்டாயம், ‘ரெஸ்பொன்சபிலிதாத் சிவில்’ என்பார்கள். அமெரிக்காவில் உள்ள உங்கள் சொந்தக் கார் பாலிசி அங்கே செல்லாது. விலை ஒப்பிடும் தளங்கள் இதைச் சேர்க்காமல் 6 டாலர் என்று காட்டி வரிசையில் முதலிடம் பிடிக்கின்றன. முழு விலையை நேர்மையாக 30 என்று போட்டவர் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். ஒழுங்காகச் சொன்னவன் தோற்கும் ஏற்பாடு இது. வாங்குகிறவர்களும் ஒரு நிமிடம் கூட நிபந்தனையைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு நல்ல கார் நாளுக்கு 6 டாலருக்கு எப்படிக் கிடைக்கும் என்று யாராவது யோசித்தீர்களா?

செய்ய வேண்டியது இதுதான். மூன்றாம் தரப்புக் காப்பீடு, வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் சேர்த்த தொகையை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், அச்செடுத்துக் கொண்டுபோங்கள். கார்ச் சேதத்துக்குக் கிரெடிட் கார்டையே நம்புவதானால், மெக்சிகோ என்று நாட்டின் பெயர் போட்ட கடிதத்தைக் கார்டு நிறுவனத்திடம் வாங்குங்கள். அப்போதும் கவுண்டரில் ஆயிரக்கணக்கான டாலரைக் கார்டில் முடக்கி வைப்பார்கள், தயாராக இருங்கள். சாவி வாங்கியதும் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள்: கூரை, முன் கண்ணாடி, நான்கு டயர், பம்பரின் அடிப்பகுதி, ஸ்டெப்னி, ஜாக்கி. ஊர் நுழைவாயில்களில் ‘தோப்பே’ என்னும் வேகத்தடைகள் பெயின்ட் இல்லாமல் கிடக்கும், பம்பரின் அடி அங்கேதான் உடைகிறது.

பெட்ரோல் பங்கில் ஆள்தான் போடுவார். மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள். பச்சைக் குழாய் மாக்னா என்னும் சாதாரண பெட்ரோல், அது போதும். 500 பெசோ நோட்டைக் கொடுக்கும்போது ‘கினியெந்தோஸ்’ என்று தொகையை உரக்கச் சொல்லுங்கள். கை மாற்றி 50-ஐக் காட்டும் பழைய தந்திரம் இன்னும் நடக்கிறது. சுங்கச் சாலைக்குப் பெசோ ரொக்கம் வையுங்கள்.

இதைவிட முக்கியம், ஏழு நாளும் கார் எதற்கு? ஓட்டல் சாலையில் ஆர்-1, ஆர்-2 பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து கான்கூன் ஊருக்கும், தெற்கே உள்ள பிளாயா தெல் கார்மெனுக்கும் ஏ.டி.ஓ. நிறுவனத்தின் குளிர்சாதனப் பேருந்து உண்டு. மாயர் காலத்து இடிபாடுகளைப் பார்க்கச் சிச்சென் இட்சா போகும் ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள்.

கே: கடையில் மூன்று டாக்கோவுக்கு ‘$90’ என்று போட்டிருந்தது. அதிர்ந்து எழுந்து வந்துவிட்டோம். (சிகாகோ)

ப: அது பெசோ. மெக்சிகோவிலும் அதே குறிதான். ஏறக்குறைய 5 டாலருக்குக் கிடைக்கும் நல்ல சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள். ‘எம்.என்.’ என்று பக்கத்தில் இருந்தால் உள்நாட்டு நாணயம் என்று பொருள். குறி தெளிவாக இல்லையென்றால் கேட்டுவிடுங்கள், சுற்றுலாப் படகுக்காரர்கள் உண்மையாகவே டாலரில் எழுதுவதும் உண்டு. வங்கியை ஒட்டிய ஏ.டி.எம்.மில் எடுங்கள், ஓட்டல் லாபியில் வேண்டாம். ‘உங்கள் நாணயத்தில் மாற்றித் தரவா’ என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும், மாற்று விலையை உங்கள் வங்கி போடும். உணவக பில்லில் ‘ப்ரொப்பீனா’ ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிப்ஸ் உங்கள் விருப்பம், கட்டாயமாகச் சேர்க்க அவர்களுக்கு உரிமை இல்லை.

கே: சுத்த சைவம். பீன்ஸும் சோறும் கிடைத்தால் போதும். (நியூ ஜெர்சி)

ப: அந்த இரண்டில்தான் கவனம் வேண்டும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். ‘சின் மந்தேகா’ (பன்றிக் கொழுப்பு இல்லாமல்), ‘சின் கால்தோ தே போயோ’ (கோழிச் சாறு இல்லாமல்) என்று கேளுங்கள். ‘கார்னே’ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை விட்டுவிட்டுக் கோழியைப் போட்டுத் தருவார்கள். ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ’ என்று மூன்றையும் சொல்லுங்கள். கோதுமை டார்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம், மக்காச்சோள டார்ட்டியா நல்லது. பூசணிப்பூ கேசடியா, நோப்பால் என்னும் கள்ளி, வறுத்த மிளகாயில் கிரீம் சேர்த்த ராஹாஸ் எல்லாம் தேடிச் சாப்பிட வேண்டியவை. கறிவேப்பிலை, பழம், விதைகளைப் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

கே: ஒரு சன்ஸ்கிரீன் டியூப் போதுமா? (சியாட்டில்)

ப: ஒரு நாளைக்கா? பெரியவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவைக்கு 30 மில்லி. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்றால் ஒரு சுற்றுக்கு 90, 100 மில்லி ஆகும். இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். கடற்கரையில் அரை நாளிலேயே 200 மில்லி தீர்ந்துவிடும். எல்லோருக்கும் முழுக்கை நீச்சல் சட்டை, யு.பி.எஃப். 50 (துணி வெயிலைத் தடுக்கும் அளவு) போட்டது, வாங்கிவிடுங்கள், பூசும் இடம் பாதியாகக் குறையும். மீதிக்கு ஜிங்க் ஆக்சைடு வகை. செனோட்டே என்னும் நன்னீர்க் கிணறுகளில் இறங்கும் முன் எதைப் பூசியிருந்தாலும் கழுவச் சொல்வார்கள். போனுக்கு மலிவு பிளாஸ்டிக் உறை வாங்கி நான் ஒரு போனை இழந்தேன். நீங்கள் வாங்கினால் முதலில் உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள்.

கே: ஜூலையில் புவேர்ட்டோ வயார்டா போகிறோம். திமிங்கலம் பார்க்கும் படகுக்கு முன்பணம் கேட்கிறார்கள். (பீனிக்ஸ்)

ப: கொடுக்காதீர்கள். அங்கே கூனல் திமிங்கலம் வருவது டிசம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் கான்கூன் பக்கம் இருப்பது திமிங்கலச் சுறா, அது மீன்.

கே: விமான நிலையத்தில் டாக்ஸி ஏற்பாடு செய்கிறேன் என்றவர், இலவசக் காலை உணவு என்று அழைத்துப் போனார். நான்கு மணி நேரம் உட்காரவைத்து, பிள்ளைகள் அழுது களைத்த பிறகு 14,000 டாலர் டைம்ஷேரில், அதாவது ஆண்டுக்குச் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமையில், கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வெட்கமாக இருக்கிறது. (ஹூஸ்டன்)

ப: வெட்கம் அவர்களுக்குத்தான் வர வேண்டும். களைத்த குடும்பத்தைத் தேர்ந்து உட்காரவைப்பதே அவர்கள் தொழில். நாள் எண்ண வேண்டிய விஷயம் என்பதால் உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

மெக்சிகோச் சட்டப்படி, கையெழுத்திட்ட பின் 5 வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல், அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். ‘இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற தாளிலும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அது செல்லாது, நுகர்வோர் உரிமையை எழுதிக்கொடுத்து இழக்க முடியாது. ஒப்பந்த எண், தேதி, எல்லோர் பெயரும் போட்டு, ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்புங்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். இன்னும் மெக்சிகோவில் இருந்தால் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால், அல்லது திரும்பி வந்துவிட்டால், மின்னஞ்சலோடு ஒப்புகை வரும் கூரியரிலும் அனுப்புங்கள். ப்ரோஃபெக்கோ என்னும் மெக்சிகோ நுகர்வோர் அமைப்பு வெளிநாட்டவர் புகாரையும் எடுத்துக்கொள்ளும். அதே நகலோடு கிரெடிட் கார்டு நிறுவனத்திடமும் தகராறு பதியுங்கள்.

ஓராண்டு கழித்து ஒருவர் போன் செய்வார்: உங்கள் டைம்ஷேரை வாங்க ஆள் இருக்கிறது, முதலில் வரி கட்டுங்கள் என்பார். ஒரு டாலர் அனுப்பாதீர்கள். இந்த மோசடியின் பின்னால் போதைக் கும்பல் இருப்பதாகச் சொல்லி அமெரிக்க நிதித் துறை 2023-இல் புவேர்ட்டோ வயார்டா நிறுவனங்கள் மீது தடையே போட்டது.

விமான நிலையத்தில் சுங்கம் தாண்டியதும் சீருடையில் நிற்பவர்கள் பலர் இந்த வேலைக்காகவே நிற்கிறார்கள். உங்கள் ஓட்டுநர் கட்டடத்துக்கு வெளியே, உங்கள் பெயர்ப் பலகையோடு நிற்பார். வெளியே வரும்வரை யாரிடமும் நிற்காதீர்கள்.

கே: ஒரு லிட்டர் வெனிலா எசன்ஸ் 6 டாலர். உறவினர்களுக்கு வாங்கலாமா? (டொராண்டோ)

ப: வேண்டாம். அந்த விலைக்கு உண்மையான வெனிலா கிடைக்காது. சிலவற்றில் கூமரின் என்னும் வாசனைப் பொருள் கலந்திருக்கும், அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதை 1954-லேயே தடை செய்துவிட்டது. நானும் அப்படி ஒன்றை வாங்கி வந்து கொட்டியிருக்கிறேன். லேபிளில் ‘வைனியினா’ என்றிருந்தால் செயற்கை. சிறிய பாட்டில், வெனிலாக் காயும் ஆல்கஹாலும் மட்டும் சேர்ந்தது, சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள்.

கே: கடற்கரையில் வெள்ளிக் காப்பு வாங்கினேன். கறுத்துவிட்டது. (பாஸ்டன்)

ப: வெள்ளியும் கறுக்கும். உள்பக்கம் ‘.925’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது பெரும்பாலும் ‘அல்பாக்கா’, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். முத்திரையும் போலியாக இருக்கலாம் என்பதால் ரசீது தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். மணலில் நடந்து விற்பவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை, வருந்துகிறேன்.