வாஷரில் ஒரு பக்கம் மட்டும் பிசிறு வருவது ஏன்?

கோவை கணபதியில் சின்னப் பட்டறை, பவர் பிரஸ்ஸில் 2 மி.மீ. இரும்புத் தகட்டில் வாஷர் அடிக்கிறீர்கள். வட்ட விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பிசிறு, பஞ்சை (மேலிருந்து இறங்கித் தகட்டை வெட்டும் உளியை) தீட்டியும் போகவில்லை என்கிறீர்கள். தீட்டிப் பயனில்லைங்க. முனை மழுங்கினால் பிசிறு சுற்றிலும் வரும். இங்கே பஞ்ச், டையின் (கீழே உள்ள துளையுள்ள அச்சின்) நடுவில் இறங்கவில்லை. பிசிறு இருக்கும் பக்கம்தான் இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம்.

மெயினை அணைத்து, பிளைவீல் (பிரஸ்ஸின் கனமான சுழல் சக்கரம்) முழுக்க நின்றபின் கையால் சுற்றி, பஞ்சைத் தாங்கி மேலும் கீழும் ஓடும் ராமை இறக்குங்கள். டை போல்ட்டைத் தளர்த்தி, இடைவெளி சமமாகும்வரை மெல்லத் தட்டி நகர்த்துங்கள். பக்கத்துக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. போதும். அப்புறம் போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, மெல்லிய காகிதத்தை வெட்டிப் பாருங்கள். விளிம்பு நார்நாராகக் கிழியும் இடத்தில் இன்னும் இடைவெளி அதிகமாக இருக்கிறது.

அரை நாளில் மறுபடி விலகினால், ராம் ஓடும் வழித்தடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். என் பட்டறையில் அதுதான் வில்லன்.