ஷட்ஜம் எங்கே இருக்கிறது? பள்ளி இசைப் பாடத்தில் சில சந்தேகங்கள்

இசைப் பாடத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பதிலையும் பாடியோ தட்டியோ பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இசைக் கலைச்சொல் என்பது ஓர் ஓசைக்கு இட்ட பெயர். ஓசையைக் கேட்காமல் பெயரை மட்டும் உருப்போட்டால் தேர்வு அறையில் அது காலை வாரிவிடும்.

சுருதி, சுரம், ராகம் மூன்றும் எனக்குக் குழம்புகின்றன. (ஏழாம் வகுப்பு மாணவி)

பாட்டு தொடங்குமுன் தம்பூராவை மீட்டுகிறார்களே, விடாமல் ஒலிக்கும் அந்த ஆதார ஒலிதான் சுருதி. அதன் நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமம் ('ப'), நடுவில் இரண்டு ஷட்ஜம், கடைசியில் தாழ்ந்த ஷட்ஜம். அந்த ஷட்ஜத்தை 'ச' என்று வைத்துக்கொண்டு படிப்படியாக மேலே ஏறினால் கிடைப்பவை ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு சுரங்கள். ச, ப இரண்டும் மாறாதவை. மற்ற ஐந்துக்கும் வகைகள் உண்டு. எல்லாம் சேர்த்து 12 இடங்கள், 16 பெயர்கள். ஒரே இடத்துக்குச் சில வேளை இரண்டு பெயர்கள் இருப்பதால்தான் இந்த வேறுபாடு. ரி வகைகளில் ஒன்றான சதுசுருதி ரிஷபமும் க வகைகளில் ஒன்றான சுத்த காந்தாரமும் ஒரே இடத்தில் நிற்பவை.

பாடநூலில் '22 சுருதிகள்' என்று வந்தால் பொருள் வேறு. அங்கே சுருதி என்பது சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி.

ராகம் என்றால் 'சுரங்களின் வரிசை' என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறும் வரிசை ஒன்றே, இறங்கும் வரிசையும் ஒன்றே. பாடிக் கேட்டால் இரண்டும் இரண்டு உலகங்கள். ஆரபி துள்ளி நடக்கும். தேவகாந்தாரி நின்று, அசைந்து, நீண்டு வரும். எந்தச் சுரத்தை அசைக்க வேண்டும், எதில் நிற்க வேண்டும், எந்தச் சுரக்கோவையைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ராகம்.

என் மகன் கீபோர்டும் கற்கிறான். 'சி' என்ற கட்டைதான் 'ச' என்று அவனுக்குச் சொல்லலாமா? (ஒரு தாய்)

சொல்ல வேண்டாம், அம்மா. சி என்பது நிலையான உயரம். ச நகரக்கூடியது; பாடுகிறவரின் குரல் எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கே அது அமரும். சியில் ச வைத்துப் பாடினால் '1 கட்டை', ஜியில் வைத்தால் '5 கட்டை' என்பார்கள். உங்கள் மகனுக்குக் குரல் உடையும் பருவம் வரும்போது கட்டையை இறக்க வேண்டியிருக்கும். சியையும் சவையும் ஒன்றாகப் படித்த பிள்ளை அன்றைக்குத் திண்டாடிப்போவான்.

எல்லோரும் ஏன் மாயாமாளவகௌளை ராகத்திலேயே தொடங்குகிறோம்? (எட்டாம் வகுப்பு மாணவர்)

இந்தப் பாடமுறையைக் கன்னட இசைப்புலவர் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. காரணம் வீணையில் கண்ணாலேயே தெரியும். திறந்த தந்தியை ச என்று வைத்து மெட்டுகளை (தந்தியின் கீழே குறுக்கே இருக்கும் கட்டைகளை) எண்ணுங்கள். ரி 1ஆம் மெட்டு, க 4, ம 5. அடுத்து ப 7, த 8, நி 11, மேல் ச 12. முதல் பாதியின் இடைவெளிகள் அப்படியே இரண்டாம் பாதியிலும் வருகின்றன. பாதி ராகத்தைப் பிடித்துவிட்ட தொண்டை மீதிப் பாதியைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஏழு சுரங்களும் கொண்ட தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் இது 15ஆவது.

ஜாதிக்கும் நடைக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் திஸ்ரம், சதுஸ்ரம் என்றே வருகிறது. (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

மிக நல்ல கேள்வி. பெரிய வகுப்புப் பிள்ளைகளும் இதில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். கையைத் தொடையில் வையுங்கள், செய்தே பார்த்துவிடுவோம்.

லகு என்றால் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரலில் தொடங்கி விரல் எண்ணிக்கை. திருதம் என்றால் ஒரு தட்டு, ஒரு வீச்சு. திரிபுட தாளத்துக்கு ஒரு லகு, இரண்டு திருதம். இப்போது சதுஸ்ர ஜாதியில் போடுங்கள்: தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. இதுதான் நீங்கள் தினமும் போடும் ஆதி தாளம். அதையே திஸ்ர ஜாதியில் போட்டால் நடு விரல் விழுந்துவிடும்: 3, 2, 2 என்று ஏழு அட்சரம். லகுவின் நீளம் மாறியது. கையின் வேலையும் மாறியது.

மறுபடி ஆதி தாளத்துக்கு வாருங்கள். கை எட்டையே போடட்டும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 'தகதிமி' என்று சொல்லுங்கள். ஓர் ஆவர்த்தத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், 32 மாத்திரை (சிற்றசை) வரும். கையின் வேகத்தை மாற்றாமல் 'தகிட' என்று சொல்லுங்கள், 24 வரும். இது திஸ்ர நடை.

கை மாறினால் ஜாதி, வாய் மாறினால் நடை. என் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஏழு தாளங்களை ஐந்து ஜாதியால் பெருக்கினால் 35. மிஸ்ர சாபு, கண்ட சாபு என்ற தாளங்கள் இந்த 35க்குள் வராது. அவற்றில் லகுவும் இல்லை, விரல் எண்ணிக்கையும் இல்லை.

கடம் தோற்கருவியா? தேர்வில் அப்படி எழுதியதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. (எட்டாம் வகுப்பு மாணவர்)

மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கடத்தைப் பார்த்துப் பார்த்து வந்த தவறு இது. ஒரு கருவி யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், அதில் எது அதிர்கிறது என்று பாருங்கள். மிருதங்கத்தில் அதிர்வது தோல். கடத்தில் தோலே இல்லை. சுட்ட மண்ணின் உடலே அதிர்கிறது, ஆகவே அது கன வாத்தியம். தாளமும் ஜால்ராவும் வெண்கலத்தால் ஆனவை. தமிழில் அவற்றைக் கஞ்சக்கருவி என்கிறோம். ஹார்மோனியத்தைக் கட்டை வைத்து வாசித்தாலும் உள்ளே துருத்தியின் காற்றுதான் பேசுகிறது, அதனால் காற்றுக்கருவி. பியானோவுக்குள் தந்திகள் இருக்கின்றன; அது நரம்புக்கருவி.

முடிந்தால் பிள்ளைகளை ஒரு வாத்தியக்காரரிடம் அழைத்துப் போங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனத்தில்தான் ஆழ்ந்த 'தொம்' வருகிறது. வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். நாகசுரத்தின் வாயில் செருகியிருக்கும் நாணல் சீவாளியைப் பாருங்கள். கூடவே ஒரு சரட்டில் மாற்றுச் சீவாளிகள் தொங்கும். அவ்வளவு பெரிய ஒலி பிறப்பது விரல் நீளம்கூட இல்லாத அந்த நாணலில்தான். இதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்குத் துளைக்கருவி என்ற சொல் மறக்காது.

மும்மூர்த்திகளின் பாடல்களைக் கேட்டவுடன் அடையாளம் காண வழி உண்டா? (பத்தாம் வகுப்பு மாணவி)

முத்திரையைத் தேடுங்கள்; பாட்டை இயற்றியவர் தம் அடையாளமாக அதில் வைக்கும் சொல் அது. தியாகராஜர் (1767–1847) தம் பெயரையே வைப்பார். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) 'குருகுஹ' என்பார். சியாமா சாஸ்திரி (1762–1827) 'சியாம கிருஷ்ண' என்பார். பெரும்பாலும் பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்தில் வரும். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். இவர்களுக்கு முற்பட்ட முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் சீர்காழி மூவர். தமிழில் கீர்த்தனை பாடியவர்கள். இரண்டு மூவரையும் கலந்து எழுதிவிடாதீர்கள்.

நாட்டுப்புறப் பாட்டில் ராகம் இருக்கிறதா? (ஆறாம் வகுப்பு மாணவர்)

இருக்கிறது. பாடுகிறவர் ராகத்தின் பெயரைச் சொல்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான். புன்னாகவராளி, செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி போன்றவை நாட்டுப்புற மெட்டுகளிலிருந்து கச்சேரிக்கு வந்தவை என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். கடன் வாங்கியது கச்சேரி மேடை.

தேவாரப் பண்ணும் ராகமும் ஒன்றா? (சாதாரண தர மாணவி, யாழ்ப்பாணம்)

'ஒன்று' என்று எழுத வேண்டாம், 'இன்று இணையாகப் பாடப்படும் ராகம்' என்று எழுதுங்கள். தக்கராகம் என்ற பண்ணுக்குக் காம்போஜி ராகம், பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி. பண்களின் பெயர் பதிகத்தின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கும். அடுத்த முறை கோயிலில் தேவாரம் கேட்டால் வீட்டுக்கு வந்து அந்தப் பதிகத்தைத் திருமுறையில் தேடி எடுத்து, பண்ணின் பெயரை உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். காதில் அந்தப் பாட்டு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.