நீ இல்லாவிட்டால் ஓடாதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக டேட்டாபேஸ் நிர்வாகியாக வேலை பார்க்கிறேன். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களும் என் பொறுப்பு. நீங்களும் எழுத வருவதற்கு முன் டிபிஏவாக (டேட்டாபேஸ் நிர்வாகியாக) இருந்தவர் என்று உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் படித்ததால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

சென்ற மாதம் குலதெய்வக் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. என் தம்பி அவளை மடியில் உட்காரவைத்திருந்தான். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் என் கைபேசி அடித்தது. கோயில் சுற்றுச்சுவர் ஓரமாக மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்தபோது தோடு போட்டு முடித்து, காதில் தடவிய சந்தனமே காய்ந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமியார் மட்டும், “நீ இல்லாட்டி அந்தக் கம்பெனி ஓடாதா கண்ணு?” என்று கேட்டார். அதில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “ஓடாதுங்க அத்தை” என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பெருமைதான்.

இந்த வேலை இப்படித்தானா? ஒழுங்காகச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாத வேலை இது. எல்லாம் கிளவுடுக்குப் போன பிறகு இதுவாவது மிஞ்சுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமியாரின் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பத்தொன்பது ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தேன். தணிக்கைக்கு வந்தவர்கள், மேலாளர்கள், வாடிக்கையாளர்கள் என்று எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள்; இதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சொன்ன அதே பதிலை அதே பெருமையோடு நானும் சொல்லியிருப்பேன். ஆனால் ‘ஓடாது’ என்பதை டிபிஏ ஒருவர் பழுது அறிக்கையாகத்தான் எழுத வேண்டும். தரவு ஒரே ஒரு வட்டில் இருக்கிறது, வேறு நகல் இல்லை என்று எவராவது வந்து சொன்னால் அன்று நாம் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாம்தான், அந்தத் தரவைப் பற்றிய அறிவு முழுவதையும் ஒரே ஒரு தலைக்குள் வைத்துக்கொண்டு, அந்தத் தலையைத் தூங்கவும் விடாமல், ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறோம்.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கும் விளங்கட்டும் என்பதற்காக என்னுடைய இரவு ஒன்றைச் சொல்கிறேன். ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதப்படுகிறது. மின்சாரம் போய் இயந்திரம் விழுந்தாலும் அந்த லாகைப் படித்துத்தான் அது மறுபடி எழுந்து நிற்கும். லாக் நிறைந்ததும் அதை ஆர்க்கைவ் என்று வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கும், படியெடுத்து முடிக்காத லாகின் மேல் புதிதாக எதையும் எழுதாது. ஆகவே ஆர்க்கைவ் வைக்கும் இடம் நிரம்பிவிட்டால், எதுவும் கெட்டுப்போகாமலேயே, எழுத வேண்டிய வேலை அத்தனையும் அப்படியே நின்றுவிடும். வெளியே பணம் அனுப்பக் காத்திருப்பவரின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். நம் திரையில் ஓஆர்ஏ-00257 என்ற எண் வந்து நிற்கும்.

அந்த எண் எனக்கு வந்தது ஒரு மாதக் கடைசியில், பின்னிரவு 2.45 மணிக்கு. அப்போது வேளச்சேரியில் வாடகை வீடு. மனைவியும் கைக்குழந்தையும் எழுந்துவிடக்கூடாது என்பதற்காகப் பின்பக்கப் பால்கனியில் வாஷிங் மெஷின் மேல் மடிக்கணினியை வைத்து, கொசுவை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு நின்றேன். அந்த வாரத்தில் அது மூன்றாவது இரவு. அழைப்பில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ‘எனி அப்டேட்?’ என்று கேட்பதை மட்டுமே தன் பங்காகச் செய்துகொண்டிருந்தார். (இந்த மனிதர் எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறார், இவரை எங்கிருந்து வேலைக்கு எடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.) செய்ய வேண்டியது எளிதுதான். பேக்கப் எடுக்கப்பட்ட பழைய ஆர்க்கைவ் கோப்புகள் எவை என்று பார்த்து, அவற்றை மட்டும் நீக்கி இடம் உண்டாக்க வேண்டும். நான் தேதியைப் பார்த்தேன், பேக்கப் பட்டியலைப் பார்க்கவில்லை. பெரிய பெரிய கோப்புகளாக இருந்த ஒரு வரிசையை அப்படியே அழித்தேன். டேட்டாபேஸ் மூச்சு விட்டது. அழைப்பில் இருந்தவர்கள் நன்றி சொல்லிக் கலைந்தார்கள். மேலாளர் காலை ஆறு மணிக்கே பாராட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

அழித்தவற்றில் சில கோப்புகளுக்கு இன்னும் பேக்கப் எடுக்கப்படவில்லை என்பதும், முதன்மை சர்வர் விழுந்தால் அதன் இடத்தை எடுத்துக்கொள்ள நகலோடு காத்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்வருக்கும் அவை போய்ச் சேரவில்லை என்பதும் ஒன்பது மணிக்கு, காபி குடித்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது. அதாவது நள்ளிரவை ஒட்டிய அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வரலாறே இல்லை. புதிதாக ஒரு முழு பேக்கப் எடுத்து முடிக்கும்வரை வட்டு ஒன்று பழுதாகியிருந்தால், அந்த இடைவெளிக்கு முந்தைய நிலைக்குத்தான் எங்களால் திரும்பியிருக்க முடியும். அதற்குப் பின் நடந்த பரிவர்த்தனைகள் எல்லாம் போயிருக்கும். வட்டு எதுவும் பழுதாகவில்லை. முழு பேக்கப் ஓடி முடிய மாலை ஆயிற்று, ஸ்டாண்ட்பையை மறுபடி கட்ட இரண்டு நாள் ஆயிற்று. நண்பகல்வரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் காலையில் வந்த அந்தப் பாராட்டு அஞ்சல்தான் என் வாயைக் கட்டிப்போட்டது.

ஜிம் கிரே என்று ஒருவர் இருந்தார். பரிவர்த்தனை என்றால் என்ன, அது பாதியில் நின்றால் என்ன ஆக வேண்டும் என்பதற்கெல்லாம் இன்று நாம் பின்பற்றும் இலக்கணத்தை வகுத்தவர்களில் முதன்மையானவர், கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 1998-ல் பெற்றவர். அவர் 1985-ல், பழுதானாலும் நிற்காமல் ஓடும் கணினிகளைச் செய்த டேண்டம் நிறுவனத்தில் இருந்தபோது, கணினிகள் ஏன் நிற்கின்றன என்று ஆராய்ந்து எழுதினார். அவர் பார்த்த பழுதுகளில் வன்பொருளால் வந்தவை 18 சதவீதம். இயக்குவது, அமைப்பது, பராமரிப்பது என்று மனிதக் கை படும் வேலைகளால் வந்தவை 42 சதவீதம். நாற்பது ஆண்டுப் பழைய கணக்குதான்; இயந்திரங்கள் அதற்குப் பின் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் மூன்று இரவு தூங்காத கை அன்றும் இன்றும் ஒரே கைதான். ஆகவே நீங்கள் கோயில் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு காதைக் குழந்தையின் அழுகையிலும் வைத்துக்கொண்டு வேலை செய்தபோது, உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பைத் தவிர, அந்த டேட்டாபேஸும் அதன் வாழ்நாளின் மிக ஆபத்தான நாற்பது நிமிடங்களைக் கடந்துகொண்டிருந்தது என்று நான் நினைக்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நீங்கள் கட்டாயம் அறிந்திருப்பீர்கள். இரவு வெகு நேரம் பிரச்சினை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், நகல் சர்வரில் இருக்கும் காலிக் கோப்புறையை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிச்சம் இருந்தது. தவறான சர்வரில் கை வைப்பது எவருக்கும் நேரக்கூடியது; அதற்குப் பிறகு தெரிந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்களிடம் ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றுகூட நம்பத் தகுந்தபடி வேலை செய்யவில்லை. அன்றாடப் பேக்கப், போஸ்ட்கிரெஸின் பதிப்பு பொருந்தாததால் பல நாட்களாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களையோ, அனுப்பியவர் முறையாகச் சரிபார்க்கப்படவில்லை என்று அஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்துத் தரவின் நகல். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டியது என்பதற்காக அவர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பதும் இதிலிருந்தே வருகிறது. பேக்கப் பச்சை நிறத்தில் முடிந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல், மாதத்துக்கு ஒரு முறை, புதன்கிழமை காலை பதினொரு மணி போல எவரும் அவசரத்தில் இல்லாத நேரத்தில், அதிலிருந்து தரவை வேறொரு சர்வரில் மீட்டெடுத்து, அதாவது ரீஸ்டோர் செய்து பாருங்கள். இதை உங்கள் குழுவில் இருக்கும் இளையவர் செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். விசைப்பலகையைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும். அவர் எங்கெல்லாம் திகைத்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் நீங்கள் எழுதி வைக்காத ஏதோ ஒன்று இருக்கிறது; அதை அப்போதே எழுதுங்கள். தூக்கக் கலக்கத்தில் படிப்பவருக்கும் புரியும்படி, ‘வழக்கம் போலச் செய்யவும்’ என்ற வரி ஓர் இடத்திலும் வராதபடி எழுதுங்கள். வட்டு 100 சதவீதம் நிறைந்த பின் இரவில் அடிக்கும் மணியை, 70 சதவீதத்தில் பகலிலேயே அடிக்கும்படி மாற்றிவையுங்கள். என்னுடைய அந்த 2.45 மணி அழைப்புகூட முந்தின நாள் மதியமே கண்ணில் பட்டிருக்க வேண்டியதுதான். மாதக் கடைசிக்கு எவ்வளவு லாக் உண்டாகும் என்பது மாதம்தோறும் தெரிந்த கணக்கு.

இவ்வளவும் உங்களுக்கு முன்பே தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கும் தெரிந்திருந்தது. பின் ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி. வேலைப்பளு என்று சொல்வோம். அதுவும் உண்மைதான், இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலைக்கு ஒருவரை வைத்துச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் நிறுவனங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் வேறொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 1980 வரை ஊர்க் கணக்குப்பிள்ளை என்ற பதவி இருந்தது; நெடுங்காலம் அது பரம்பரையாக வந்தது. எந்தப் புல எண் எவர் பெயரில், எந்த வாய்க்கால் எது வழியாக என்பதெல்லாம் அவர் பேரேட்டில் இருந்தது என்றாலும், பேரேட்டை எப்படிப் படிப்பது என்பது அவரிடம் இருந்தது. அதனால் ஊர் அவர் திண்ணைக்குப் போய் நின்றது. அரசு அந்த ஆண்டு பதவியை ஒழித்தது, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நம்மில் பலர் கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பழைய திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நாற்பது டேபிள்களில் எதைத் தொட்டால் எது நிற்கும் என்பது தனக்கு மட்டும் தெரியும் என்ற எண்ணம் சம்பள உயர்வைவிடச் சுகமானது. அந்தச் சுகத்துக்கான வாடகையைத்தான் கோயில் சுவரோரம் நீங்கள் கட்டினீர்கள்.

செய்வது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை என்ற வருத்தத்தைப் பற்றி. தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற எண்ணத்தை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். அதன் முதல் வாக்கியமே, பெரிய தரவுத் தொகுப்புகளை இனிப் பயன்படுத்தப்போகிறவர்கள், இயந்திரத்துக்குள் தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவையிலிருந்து காக்கப்பட வேண்டும் என்ற பொருளில் தொடங்குகிறது. ஆக, உங்கள் மாமியாருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரியாமல் இருப்பது இந்தத் துறை பிறக்கும்போதே போட்ட திட்டம். எனக்கு அது ஓரளவு ஆறுதலாக இருந்தது, உங்களுக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

கிளவுடைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பேட்ச் என்ற மென்பொருள் திருத்தங்களைப் போடுவதையும் தினசரி பேக்கப் எடுப்பதையும் அது வாங்கிக்கொண்டுவிட்டது, நல்லதுதான். ஆனால் அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் தானாக எடுக்கும் பேக்கப்பை அதிகபட்சம் 35 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். ஐம்பது நாளுக்கு முன் எவரோ ஓடவிட்ட, தரவை மாற்றிவிட்ட ஒரு தவறான அப்டேட் கட்டளையை இன்று கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு என்ன பெயர் வைத்து அழைப்பார்கள் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது.

அந்த இரவுக்குப் பிறகு, என் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞரை வைத்து நான்கைந்து மாதங்கள் ரீஸ்டோர் பயிற்சி செய்தோம். பிறகு இரவு அழைப்பு வரும் பொறுப்பை வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளத் தொடங்கினோம். அவருடைய முதல் வாரத்தில் நான் என் கைபேசியை அணைத்துவிட்டுப் படுத்தேன், ஆனால் பழக்கத்தில் இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தது. காலையில் திறந்தபோது செய்தி வந்திருந்தது: “ராத்திரி ஆர்க்கைவ் இடம் நிறைந்தது சார், பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதியதில் நான்காவது படியில் ஒரு தப்பு இருந்தது, திருத்தியிருக்கிறேன்.” எனக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல, கொஞ்சம் பொறாமைதான். கோப்பைத் திறந்து நான்காவது படியைப் படித்தேன். அவர் திருத்தியது சரியாகத்தான் இருந்தது.

அன்புடன்