சர்வர் பாத்துக்கற வேலைக்கு பையன அனுப்பலாமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, நேத்து போன்ல அவசரத்துல சரியா பதில் சொல்லல, அதான் இப்ப உக்காந்து டைப் பண்றேன். பையன் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டான், பெரிய கம்பெனி எதுவும் அமையல, கோயம்புத்தூர்ல பத்து பேர் இருக்கற ஒரு சின்ன கம்பெனில மில்லு, ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக்னு போய் அங்க இருக்கற சர்வர, அதான் எல்லாரோட டேட்டாவும் வச்சிருக்கற பொது கம்ப்யூட்டர, பாத்துக்கற வேலை வந்திருக்கு, வயர் புடிக்கறதுக்கா மூணு வருஷம் படிக்க வச்சோம்னு மாமா கேக்கறாரு. வயரும் புடிக்கணும்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். வேலைக்கு வழி சொல்ற இந்த கவுன்சலிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி நானே அந்த வேலைல பல வருஷம் கெடந்தவன், அதனால நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன்.

பெரிய கம்பெனில சேந்தா ஒரு டீம்ல ஒரு ஓரத்துல உக்காந்து டிக்கெட்னு வர்ற புகார மூடிட்டு இருப்பான். சின்ன எடத்துல யூபிஎஸ் பேட்டரில ஆரம்பிச்சு டேலி வரைக்கும் எல்லாம் இவன் தலைலதான். வெர்ச்சுவல் மெஷின்னா என்னன்னு கேட்டீங்கல்ல, ஒரே சர்வருக்குள்ள பல கம்ப்யூட்டர் தனித்தனியா ஓடற மாதிரி பண்றது, நம்ம ஊரு லைன் வீடு மாதிரிதான். ஒரே காம்பவுண்டு, உள்ள நாலு குடித்தனம். டேலி ஒரு வீடு, ஃபைல் சர்வர் ஒரு வீடு, எல்லாரோட லாகினையும் சரிபாக்கற டொமைன் கன்ட்ரோலர் ஒரு வீடு. வாடகை மிச்சம்தான், ஆனா மோட்டார் ரிப்பேர் ஆனா நாலு வீட்டுக்கும் தண்ணி வராது, அப்ப மொதலாளி கூப்புடறது இவனத்தான்.

இந்த வேலைல நான் அடிபட்டு கத்துக்கிட்டது ஒண்ணுதான், காப்பி எடுத்து வச்சிருக்கோம்ங்கறது வேற, அதுல இருந்து திரும்ப கொண்டு வர முடியுதாங்கறது வேற. ஒரு ஆபீஸ்ல பல டிஸ்க்ல டேட்டாவ பிரிச்சு வைக்கற ரெய்டு 5 முறை போட்ட சர்வர், அதுல ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தாலும் டேட்டா நிக்கும், ரெண்டு செத்தா போச்சு. ஒரு டிஸ்க்ல ஆரஞ்சு லைட் எரிஞ்சுட்டே இருந்திருக்கு, யாரும் கண்டுக்கல, அடுத்ததும் போயிடுச்சு. சரி, பேக்கப் இருக்கேன்னு எக்ஸ்டர்னல் டிஸ்க்க எடுத்தா, அங்க வேலை பாத்த ஒருத்தர் கல்யாண ஆல்பம் காப்பி பண்ண அத கழட்டிட்டு போய் திரும்ப வேற போர்ட்ல மாட்டியிருக்காரு, அன்னைக்கு இருந்து டிஸ்க் எங்கன்னு தெரியாம பேக்கப் ஃபெயில். தப்பு அவரோடது இல்லக்கா, ஏஎம்சி, அதான் வருஷ பராமரிப்பு காசு, வாங்கிட்டு மாசக்கணக்குல ஒரு தடவ கூட ரீஸ்டோர் பண்ணி பாக்காத என்னோடது. பழைய பில்ல வச்சு அந்த ஆபீஸ் பொண்ணுங்க ராத்திரி பூரா என்ட்ரி போட்டாங்க, அவங்க முகத்த இன்னும் மறக்கல.

இன்னொண்ணு ஸ்னாப்ஷாட், வெர்ச்சுவல் மெஷின் ஓட்டற மைக்ரோசாஃப்டோட ஹைப்பர்-வி-ல செக்பாயின்ட்னு பேரு. சாஃப்ட்வேர் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி மெஷின் இருக்கற நிலைய அப்படியே பிடிச்சு வைக்கறது, தப்பானா பின்னாடி போயிக்கலாம், நல்ல வசதி. ஆனா அப்டேட் சரியானதும் அத நீக்கணும், இல்லன்னா அதுக்கப்பறம் நடக்கற மாத்தமெல்லாம் தனி ஃபைல்ல சேந்து சேந்து வீங்கும். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில சனிக்கிழம ராத்திரி எடுத்துட்டு நான் மறந்தே போயிட்டேன், மூணு மாசம் கழிச்சு திங்கக்கிழம காலைல டிஸ்க் ஃபுல், பில்லிங் மெஷின் நின்னுடுச்சு, தூத்துக்குடி போக வேண்டிய லாரி இன்வாய்ஸ் இல்லாம வாசல்ல நிக்குது. மத்த மெஷின் ஃபைல வெளி டிஸ்க்குக்கு நகத்தி எடம் பண்ணி எந்திரிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு. ஸ்னாப்ஷாட்ட பேக்கப் மாதிரி விட்டு வைக்கக்கூடாதுன்னு காலேஜ்ல யாரும் அடிச்சு சொல்லித்தரல, அந்த லாரி டிரைவர் சொல்லித்தந்தாரு.

சின்ன சின்னதா இன்னும் இருக்கு. சர்வர் கடிகாரத்துக்கும் மத்த கம்ப்யூட்டருக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா டொமைன் லாகின் தகராறு பண்ணும், பாஸ்வேர்டு தப்புன்னு நெனச்சு எல்லாரும் மாத்திட்டு இருப்பாங்க. பேக்கப் டிஸ்க்க சர்வர்லயே எப்பவும் மாட்டி வச்சா டேட்டாவ பூட்டி காசு கேக்கற ரான்சம்வேர் வைரஸ் வந்தா அதையும் சேத்து பூட்டிடும், ஒரு காப்பி வெளிய இருக்கணும். விண்டோஸ் சர்வர் 2012-க்கு 2023 அக்டோபரோட வழக்கமான அப்டேட் நின்னு போச்சு, ஓடுதே எதுக்கு மாத்தணும்னு கேக்கற மொதலாளிக்கு பொறுமையா புரிய வைக்கறதும் இந்த வேலைல சேத்திதான்.

படிப்பு விஷயம். எம்சிஎஸ்ஈ கோர்ஸ்னு யாராச்சும் ஃபீஸ் கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, மைக்ரோசாஃப்ட் அந்த சர்டிஃபிகேட்ட 2021 ஜனவரியோட மூடிடுச்சு. அப்பறம் இந்த ஃபீல்டே இப்ப கலைஞ்சு கெடக்கு, வெர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் விக்கற விஎம்வேர் கம்பெனிய 2023 நவம்பர்ல பிராட்காம்னு இன்னொரு கம்பெனி வாங்கினதுக்கப்பறம் ஒரே தடவ காசு கட்டி லைசென்ஸ் வாங்கற வழிய நிறுத்திட்டாங்க, இனி சந்தாதான். அதனால சின்ன கம்பெனி பல பேரு ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ்னு அதே வேலை செய்யற வேற சாஃப்ட்வேருக்கு தாவறாங்க. ப்ராக்ஸ்மாக்ஸ் இலவசமாவே கிடைக்கும், டெபியன் லினக்ஸ்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் மேல ஓடுது, வீட்லயே கத்துக்கலாம். ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப், 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி போதும். மூணு மெஷின் உருவாக்கட்டும், ஒண்ண வேணும்னே அழிக்கட்டும், பேக்கப்ல இருந்து திரும்ப எழுப்பட்டும், எத்தன நிமிஷம் ஆச்சு, எங்க சொதப்புச்சுன்னு ஒரு நோட்ல எழுதட்டும். இன்டர்வியூல அந்த நோட்ட காமிச்சா போதும். ஒரு வருஷம் கழிச்சு ரெட் ஹேட்ங்கற லினக்ஸ் கம்பெனியோட ஆர்எச்சிஎஸ்ஏ சர்டிஃபிகேட் பரீட்ச எழுதலாம், அது டிக் அடிக்கற பரீட்ச இல்ல, மெஷின்ல செஞ்சு காட்டணும்.

கெட்டதும் சொல்லணும்ல. ராத்திரி போன் வரும், தீவாளிக்கு முன்னாடி நாள் வரும், மார்ச் கடைசில ஆடிட்டர் ஆபீஸ் தூங்க விடாது. ஆரம்ப சம்பளமும் சொல்லிக்கற மாதிரி இருக்காது. ரெண்டு வருஷத்துக்கு மேல அதே கம்பெனில பிரிண்டர் பேப்பர் எடுத்துட்டு இருந்தான்னா நானே வெளிய வான்னு சொல்லுவேன். ஆனா சேர வேணாம்னு சொல்லமாட்டேன், சேரட்டும். சேர்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேக்க சொல்லுங்க, கூட சீனியர் ஒருத்தர் வருவாரா இல்ல மொத வாரமே தனியா அனுப்புவாங்களா, பைக் பெட்ரோலுக்கு தனியா தருவாங்களா, ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வாங்கி வச்சுக்குவாங்களா. கடைசி கேள்விக்கு ஆமான்னு வந்தா பேச்சே வேணாம்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்ல போடுங்க, இத்தன வருஷம் வேலைய விட்டு போகக்கூடாதுங்கற பாண்டுன்னு ஏதாச்சும் உள்ள சொருகியிருக்காங்களான்னு பாத்து சொல்றேன், அது வரைக்கும் கையெழுத்து போட வேணாம்னு பையன்கிட்ட சொல்லி வைங்க.