வயதானவர்களின் சாப்பாடு: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் 60 கிலோவிலிருந்து 56 ஆகிவிட்டார். வயதானால் இளைப்பது சகஜம்தானே?

பதில்: இல்லை. தானாகவே ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்பாவுக்கு 6 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. பல்செட் தளர்ந்து மெல்ல முடியாமல் இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், பசியை மந்தமாக்கும் மாத்திரையாகவோ வேறு நோயாகவோகூட இருக்கலாம். சத்து மாவு டப்பாவை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அம்மா (68 வயது, 50 கிலோ) சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டார். "உட்கார்ந்தே இருக்கிறேன், எனக்கு எதற்கு?" என்கிறார். சரியா?

பதில்: பாதி சரி. நடமாட்டம் குறைந்தால் கலோரித் தேவை குறையும். ஆனால் புரதத் தேவை குறையாது, கூடத்தான் செய்யும். இளையவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்றால், 65 தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம். அம்மாவுக்கு நாளுக்கு 50, 60 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம்தான்! காலையில் ரொட்டி, டீ, இரவிலும் அதே என்று ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வரமாட்டார்கள். வயதான தசை புரதத்தை முன்புபோலப் பயன்படுத்திக்கொள்ளாது என்பதால் மூன்று வேளையிலும் கொஞ்சம் இருக்கட்டும். குறைப்பதென்றால் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் குறைக்கட்டும். பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றில் கைவைக்க வேண்டாம். அப்புறம், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியாவது தினமும் வேண்டும். உழைப்பு இல்லாமல் புரதம் மட்டும் தசையைக் காப்பாற்றாது.

அவரே மீண்டும்: அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறும் உண்டு.

பதில்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மேலே சொன்ன புரதக் கணக்கை விட்டுவிடுங்கள். சிறுநீரக மருத்துவர் சொல்லும் அளவுதான்.

கேள்வி: 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பாதம் மரத்துப்போகிறது. வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். மெட்ஃபார்மின் அதன் உறிஞ்சுதலைக் குறைக்கும். வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைந்தாலும், உணவில் உள்ள பி12 சரியாகப் பிரிந்து வராது. ஆனால் சர்க்கரையாலும் மரத்துப்போகும், அதனால் நீங்களே முடிவுகட்ட வேண்டாம். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தாத்தா தண்ணீரே குடிப்பதில்லை. தாகமே இல்லையாம்.

பதில்: உண்மையாகத்தான் சொல்கிறார், வயதில் தாக உணர்வு மங்கிவிடும். ஆண்களுக்கு நாளுக்கு சுமார் 2 லிட்டர், பெண்களுக்கு 1.6 லிட்டர் பானம் வேண்டும். பால், டீ, காபி எல்லாம் கணக்கில் சேரும். இதய, சிறுநீரக நோயாளி என்றால் மருத்துவரின் அளவுதான். இரவில் எழ வேண்டுமே என்று பயந்தும் பலர் குடிப்பதில்லை. தாத்தாவிடம் அதையும் கேட்டுப்பாருங்கள். அதுதான் காரணமென்றால், மாலைக்குள் பெரும்பகுதியைக் குடித்துவிடச் சொல்லுங்கள்.