ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் ஏன் வலிக்கிறது?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 33 வயது. குடியாத்தம் பக்கம் கிராமம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலை ஆறரைக்கு கம்பெனி பஸ். 2 வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி பேதியாகி குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதிலிருந்து வாரத்தில் மூன்று, நாலு நாள் அடிவயிறு முறுக்குகிறது. பாத்ரூம் போய் வந்தால் கொஞ்சம் அடங்கும், ஆனால் முழுசாகப் போகாத மாதிரியே இருக்கும். ராத்திரி தூக்கத்தில் வலிப்பதில்லை. எடையும் குறையவில்லை. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தம், மலம் எல்லாம் நார்மல். அமீபா என்று நாலு முறை மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் உடம்புச் சூடு என்கிறார். ஒரு டாக்டர் 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்று காலையில் எதுவும் சாப்பிடாமல் போகிறேன். கம்பெனியில் பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் நோட்டில் நேரம் குறிக்கிறார். கேன்சராக இருக்குமோ?

பதில்: சகோதரி, உங்கள் வலி உண்மையான வலி. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது. ஸ்கேன் குடலின் உருவத்தைத்தான் காட்டும். அது எந்த வேகத்தில் அசைகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூச்சத்தோடு இருக்கின்றன என்பதெல்லாம் படத்தில் விழாது.

நீங்கள் எழுதியிருப்பது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்று நாங்கள் சொல்லும், குடல் கூச்சத்தால் வரும் தொந்தரவோடு அப்படியே பொருந்துகிறது. இதுதான் என்று சொல்ல, தொந்தரவு 6 மாதத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். கடைசி 3 மாதத்தில் வாரம் ஒரு நாளாவது வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடும், மலத்தின் தன்மையோ எண்ணிக்கையோ மாறுவதோடும் சேர்ந்து வர வேண்டும். இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் 2016-இல் வகுத்த 'ரோம்' விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. கடும் வயிற்றுப்போக்கு வந்து போனவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது பின்னால் தங்கிவிடும். கிருமி போய்விடும், அது கிளப்பிவிட்ட நரம்புக் கூச்சம் மட்டும் அடங்காது. அந்தக் கல்யாணச் சாப்பாட்டிலிருந்துதான் உங்களுக்கு இது ஆரம்பித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

1973-லேயே ஓர் ஆய்வில் பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு வலியே தெரியாத அளவிலேயே இந்தத் தொந்தரவு உள்ளவர்களில் பலருக்கு வலித்தது. குடல் சுவரில் 10 கோடிக்கும் அதிகமான நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. பயம் வந்தால் குடல் முறுக்கும், குடல் முறுக்கினால் பயம் கூடும். இதைப் போய் 'மனசுதான்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியது தவறு. அதற்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேன்சர் பயத்துக்கு வருகிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விடாத காய்ச்சல், 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, நெருங்கிய ரத்த உறவில் குடல் புற்றுநோய் ஆகியவைதான் எங்களைப் பயமுறுத்தும் அறிகுறிகள். எடையும் தூக்கமும் சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ரத்தப் பரிசோதனையும் நார்மல். மற்றவையும் இல்லையென்றால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. நம் நாட்டில் குடலில் காசநோய் வருவதுண்டு; சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் தலைகாட்டினால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். தைராய்டும், கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் இதுவரை பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடலாம். அதற்கு மேல் ஸ்கேன் மீது ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். மலத்தில் அமீபா தெரியாதபோது ஐந்தாவது முறையாக அந்த மாத்திரையும் வேண்டாம்.

இனி நீங்கள் காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவதைப் பற்றி. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடலுக்குக் கட்டளை போகும், 'கீழே இடம் காலி பண்ணு' என்று. காலை நேரத்தில் இந்தக் கட்டளை வலுவாக இருக்கும். வீட்டில் நடக்க வேண்டிய இந்த வேலையை நீங்கள் பத்து மணி டீ பிரேக்குக்குத் தள்ளிவைக்கிறீர்கள். பசியோடு ஒரு டீ, ஒரு பன், ஒரு வடை போனதும் தையல் மிஷின் முன்னால் வயிறு கலக்குகிறது. ஐந்து மணிக்கு எழுந்து, வெந்நீர் குடித்து, ஐந்தேகாலுக்கு இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். பிறகு அரைமணி நேரம் அவசரமில்லாமல் வீட்டு வேலை பாருங்கள். வந்தால் போங்கள், முக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே பழகாது. இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள்.

சாப்பாட்டில் பலரும் பயந்துபோய் ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ரசம் சாதத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்த ரசத்தில் வெந்த பூண்டே வயிற்றை உப்ப வைக்கும் என்பது தெரியாது! வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரை சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே பூண்டை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் இருக்கும், தொந்தரவு இருக்காது. கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். நாலைந்து பால் டீ குடிப்பவராக இருந்தால் இரண்டாகக் குறையுங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அரிசிச் சோறு, முட்டை, மீன் எதையும் விட வேண்டாம். சூடு என்று சொல்லி நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத் தள்ளவும் வேண்டாம். பிரியாணி அன்று தயிர்ப் பச்சடியில் பச்சை வெங்காயத்தை மட்டும் ஒதுக்கிப் பாருங்கள். இந்தக் கட்டுப்பாடு 4 முதல் 6 வாரம்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் குறையுங்கள்.

தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பின்பக்கத்தில் சாப்பிட்டது, வலித்த நேரம், பாத்ரூம் போனது, மாதவிலக்கு நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒருவர் 21 தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். நான் எழுதிய எந்தப் பரிசோதனையும் அவ்வளவு சொன்னதில்லை.

மருந்துகளும் உண்டு. முழுசாகப் போகாத உணர்வுக்கு இசப்கோல். சிறிய அளவில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு. முறுக்கலுக்கு மெபெவெரின் போன்ற மாத்திரை. அடங்காத வலிக்கு இரவில் மிகக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் இங்கிலாந்தில் வெளியானது. நல்ல பலன் தெரிந்தது. அதை 'மனநோய் மாத்திரை' என்று சொல்லி யாராவது பயமுறுத்துவார்கள். இந்த அளவில் அது குடல் நரம்பின் கூச்சத்தைத் தணிக்கத்தான். எதுவானாலும் மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் நேரே கேட்டு வாங்க வேண்டாம்.

கடைசியாக அந்த நோட்டு. அதை நினைக்கும்போதே உங்கள் குடல் முறுக்கும் என்பது எனக்குத் தெரியும். வேலை நேரம் முழுக்கத் தொழிலாளர்கள் கழிப்பறையைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்று 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 'இவருக்குக் குடல் தொந்தரவு இருக்கிறது, தேவைப்படும்போது போக அனுமதியுங்கள்' என்று உங்கள் மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள், நோயின் பெயர்கூட வேண்டாம். நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றதை சூப்பர்வைசரிடம் கொடுக்காமல் ஹெச்.ஆர். அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.