இரண்டாவது பிரசவமும் மூத்த குழந்தையும்: வாசகர் கேள்வி பதில்

இரண்டாவது குழந்தையை எதிர்நோக்கியிருப்பவர்களும், அண்மையில் பெற்றெடுத்தவர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும் அனுப்பிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். 'ஒரு முறை பெற்றவளுக்குத் தெரியாததா' என்று சுற்றியிருப்பவர்கள் விலகி நின்றுவிடுவதால், முதல் பிரசவத்தில் கிடைத்த ஆலோசனையில் பாதிகூட இவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது கடிதங்களைப் படிக்கும்போதே தெரிகிறது.

கேள்வி: முதல் பிரசவத்தில் வலி கண்டு ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் என் மகன் பிறந்தான். வலி தொடங்கியதும் மருத்துவமனைக்கு ஓடினோம். 'இன்னும் நேரமிருக்கிறது' என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது எனக்கு எட்டாவது மாதம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமாகும். இம்முறை வலி நன்றாக வலுத்த பிறகே கிளம்பலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: அப்படிக் காத்திருக்க வேண்டாம். முதல் பிரசவத்தில் கருப்பை வாய் முதலில் மெலிந்து, அதன் பிறகே விரியத் தொடங்குகிறது. ஏற்கெனவே ஒரு முறை விரிந்து கொடுத்த கருப்பை வாயில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கின்றன. இடுப்புத் தளத் தசைகளும் முன்போல் எதிர்ப்புக் காட்டுவதில்லை. அதனால், வலி சீராகப் பிடித்த பிறகு முதல் பிரசவத்துக்குச் சராசரியாக 8 மணி நேரம் ஆகிறதென்றால், அடுத்த பிரசவத்துக்கு 5 மணி நேரமே ஆகிறது. சிலருக்கு அதைவிடவும் விரைவாக முடிந்துவிடும். முக்கி வெளியே தள்ளும் கட்டம் முதல் முறை 3 மணி நேரம் வரை நீடிக்கலாம். இம்முறை சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

உங்களை ஏமாற்றக்கூடிய இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கர்ப்பத்தில் வந்து வந்து போகும் பொய் வலி கூடுதலாக இருக்கலாம். சில நாட்கள் அப்படியே போக்குக் காட்டிவிட்டு, உண்மையான வலி திடீரென்று வேகமெடுக்கும். அதேபோல, முதல் குழந்தையின் தலை பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே இடுப்புக்குள் இறங்கிவிடும். இரண்டாவது குழந்தையின் தலையோ வலி தொடங்கிய பிறகே இறங்குவதுண்டு. ஆகவே, தலை இன்னும் இறங்கவில்லை என்று பரிசோதனையில் சொன்னதை வைத்து, நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

வலி ஒழுங்கான இடைவெளியில் வரத் தொடங்கிய உடனேயே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, இது இரண்டாவது பிரசவம் என்பதையும் பயண நேரத்தையும் சொல்லிக் கிளம்புங்கள். மீண்டும் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். 37 வாரம் முடிவதற்கு முன் சீரான வலி வந்தாலும் அப்படித்தான். நடு இரவில் வலி வந்தால் மகனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். அவரால் வர முடியாமற்போனால் யார் வருவார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பையனை விட இடமில்லாமல் வீட்டில் தவித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் கைநழுவிப் போகும் நேரம்.

ஒருவேளை வழியிலேயே முக்க வேண்டும் என்ற உணர்வு அடக்க முடியாமல் வந்துவிட்டால், வண்டியை ஓரமாக நிறுத்தி அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். குழந்தை வெளியே வந்ததும் துணியால் நன்கு துடைத்து, உங்கள் வெறும் மார்பின் மீது கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட வேண்டும். கொடியை இழுக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. அதை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: முதல் குழந்தை சிசேரியன். அவளுக்கு இப்போது மூன்று வயது. இம்முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா, அல்லது மீண்டும் அறுவை சிகிச்சைதானா?

பதில்: முந்தைய தழும்பு கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக இருந்து, வேறு சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் முயலலாம். ஒரு சிசேரியனுக்குப் பிறகு இப்படி முயலும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏறக்குறையச் சுகப்பிரசவமே நிகழ்கிறது. பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து 200 பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கிறது. விகிதம் சிறியதுதான் என்றாலும், நேர்ந்தால் சில நிமிடங்களில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆகவே, குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கவும் உடனடியாக அறுவை சிகிச்சை செய்யவும் வசதியுள்ள இடத்தில் மட்டுமே இந்த முயற்சி நடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தழும்பு கருப்பையில் எந்த வாக்கில் போடப்பட்டது என்பது வயிற்றின் மேல் தெரியும் கோட்டை வைத்துத் தெரியாது. முதல் பிரசவத்தின் மருத்துவக் குறிப்புகளைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்பதையும் ஸ்கேனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீண்டும் சிசேரியன் என்று முடிவானால், முன்கூட்டியே யோசிக்க வேண்டியது உங்கள் மூன்று வயது மகளைத்தான். அறுவைக்குப் பின் ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குப் பிறந்த குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். 'அம்மாவால் தூக்க முடியாது' என்ற சொல்லோடு நிறுத்தாமல், நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவளைப் பக்கத்தில் ஏறி வந்து சாய்ந்துகொள்ளச் சொல்லிப் பழக்குங்கள். அதைப் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிட்டால், தம்பியோ தங்கையோ வந்ததால்தான் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றாது.

கேள்வி: என் பேத்திக்கு மூன்றரை வயது. தம்பி பிறந்து ஒரு மாதமாகிறது. சிறுநீர் வந்தால் சொல்லிப் பழகியிருந்தவள் இப்போது ஆடையிலேயே போய்விடுகிறாள். பரணில் கிடந்த பழைய பால் புட்டியை எடுத்துத் தரச் சொல்லி அழுகிறாள். தம்பியின் விரிப்பில் போய்ப் படுத்துக்கொண்டு கை கால்களை உதைக்கிறாள். நேற்று அவன் காலைக் கிள்ளிவிட்டாள். என் மகன் அதட்டுகிறான், மருமகள் அழுகிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் பல வீடுகளுக்குப் பொருந்தும். பேத்தி கெட்டுப்போகவில்லை. வீட்டில் எல்லோரும் யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்பதை அவள் கவனித்திருக்கிறாள். அந்தக் கைக்குழந்தை செய்வதை நானும் செய்தால் என்னையும் அப்படிப் பார்த்துக்கொள்வார்களா என்று சோதித்துப் பார்க்கிறாள். கற்ற பழக்கங்களிலிருந்து சிறிது காலம் பின்வாங்குவது இந்த வயதில் மிகவும் இயல்பானது. பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகவே சரியாகிவிடும். அதட்டினால் அது நீளும்.

புட்டியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். விரிப்பில் படுத்துக் கை கால்களை உதைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கும் போர்த்திவிட்டு, 'எங்கள் பாப்பா எங்கே' என்று ஐந்து நிமிடம் கொஞ்சுங்கள். ஆசை தீர்ந்ததும் அவளே எழுந்து ஓடிவிடுவாள். ஆடையை நனைத்தால் ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிடுங்கள். 'நீ பெரியவள் இல்லையா' என்ற வாக்கியத்தைக் கொஞ்ச நாளைக்கு எல்லோரும் மறந்துவிடுவது நல்லது. பெரியவளாக இருப்பதில் இப்போதைக்கு அவள் கண்ட பலன் ஒன்றுமில்லை.

தம்பியைக் காரணம் காட்டி அவளுக்கு எதையும் மறுக்காதீர்கள். 'தம்பி தூங்குகிறான், சத்தம் போடாதே', 'தம்பி பால் குடிக்கிறான், அப்புறம் வா' என்று நாள் முழுவதும் கேட்கும் குழந்தைக்கு, தன் இன்பங்களையெல்லாம் தடுக்கிறவன் அவன்தான் என்றே படும். 'என் கையில் வேலை இருக்கிறது, முடித்ததும் வருகிறேன்' என்று மருமகள் சொல்லட்டும். அதைவிட நல்லது, சில சமயம் அவள் காதில் விழும்படி தம்பியையும் காத்திருக்கச் சொல்வது: 'கொஞ்சம் பொறு கண்ணா, அக்கா ஏதோ சொல்கிறாள், கேட்டுவிட்டு வருகிறேன்.' ஒரு மாதக் குழந்தைக்கு அது புரியப்போவதில்லை. புரிய வேண்டியவளுக்குப் புரிந்துவிடும்.

நாளில் மிகக் கடினமான நேரம் பால் கொடுக்கும் நேரம்தான். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். அத்தனை முறையும் மூத்தவள் தள்ளி நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேளையில் மட்டும் வெளியே எடுக்கும் ஒரு பெட்டியில் கொஞ்சம் விளையாட்டுப் பொருள்களையும் படப் புத்தகங்களையும் போட்டு வையுங்கள். மருமகள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தால், மறுபக்கம் பேத்திக்கு இடம் கிடைக்கும். ஒரு கை குழந்தையைத் தாங்க, மறு கை அவள் தோளைச் சுற்றியிருக்க, வாய் கதை சொல்லலாம்.

கிள்ளுவதையும் அடிப்பதையும் மட்டும் அனுமதிக்கக் கூடாது. கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தி, 'கிள்ளினால் வலிக்கும்' என்று சுருக்கமாகச் சொல்லி, பாதத்தை எப்படித் தடவுவது என்று காட்டுங்கள். பதிலுக்கு அடிக்க வேண்டாம். இருவரையும் ஒரு கணம்கூடத் தனியே விட்டுச் செல்ல வேண்டாம். அன்பினால் தூக்க முயன்றாலும் தவறி விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது.

உங்களிடம் நான் வேண்டிக் கேட்பது ஒன்று. பாட்டிமார் பொதுவாக மூத்த குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தாய் கைக்குழந்தையோடு ஓய்வெடுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால், அப்போது பேத்திக்குக் கிடைப்பது பாட்டி. அவள் ஏங்குவது அம்மாவுக்காக. பால் குடித்து முடித்த குழந்தையை நீங்கள் தோளில் வாங்கிக்கொண்டு, தினமும் கால் மணி நேரமாவது அம்மாவையும் மகளையும் தனியே விடுங்கள். என்ன விளையாட வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். அந்தக் கால் மணி நேரத்தை எந்தக் குறும்புக்கும் தண்டனையாகப் பறிக்கக் கூடாது. இதற்கு இணையான மருந்து வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

புதிய பள்ளி, தனிப் படுக்கை போன்ற மாற்றங்களைச் சில மாதங்களுக்குத் தள்ளிப் போடுங்கள். அவளுக்குச் சளி, இருமல் இருக்கும்போது கைகளைச் சோப்பால் கழுவச் செய்து, முகத்தை விட்டுப் பாதத்தில் முத்தமிடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

கேள்வி: இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கிறது. முதல் முறை இப்படி இல்லையே?

பதில்: பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது, ஏற்கெனவே ஒரு முறை விரிந்த கருப்பை பழைய அளவுக்குத் திரும்ப இம்முறை இன்னும் வலுவாகச் சுருங்க வேண்டியிருப்பதால் வலி கூடுதலாகத் தெரிகிறது. சில நாட்களில் குறைந்துவிடும். பால் கொடுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். பால் கொடுக்கும் தாய்மார் எடுத்துக்கொள்ளக்கூடிய வலி மாத்திரையை மருத்துவர் தருவார். ஆனால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுவதும் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: மூத்தவனுக்கு இரண்டு வயது; இன்னும் என்னிடம் பால் குடிக்கிறான். குழந்தை பிறந்த பிறகு இருவருக்கும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். முதல் சில நாட்கள் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவு என்பதால், பிறந்த குழந்தை வயிறாரக் குடித்த பிறகே மூத்தவனுக்கு. ஐந்தாம் நாளிலிருந்து பிறந்த குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, இரண்டு வாரங்களுக்குள் பிறந்தபோதிருந்த எடையை எட்டிவிட்டால் பால் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். உங்களுக்கு அலுப்பாக இருந்தால் மூத்தவனுக்கு நிறுத்துவதிலும் தவறில்லை. பிரசவத்தை ஒட்டி நிறுத்தாமல் முன்போ பின்போ படிப்படியாக நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று வாரமாகிறது. மூத்தவளுக்குத் துரோகம் செய்துவிட்டதாகச் சொல்லி என் மனைவி அடிக்கடி அழுகிறாள். முதல் பிரசவத்தின் போது இப்படி இல்லை. கணவனாக நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் குற்ற உணர்வு இரண்டாவது குழந்தை பெற்ற தாய்மாரிடம் பரவலாக இருப்பதுதான், மூத்த குழந்தையிடம் வைத்த அன்பின் அளவே அதற்குக் காரணம். இளையதிடம் பாசம் மெதுவாக வந்தாலும் அதில் குறையொன்றுமில்லை. ஆனாலும், நீங்கள் சொல்லும் மூன்று வாரம் என்பதை நான் சாதாரணமாக விட மாட்டேன். பிரசவமானதும் வரும் அழுகையும் மனத்தளர்ச்சியும் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிட வேண்டும். அதற்கு மேலும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். முதல் முறை வராததால் இம்முறை வராது என்பதில்லை. குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வராமலிருப்பது, எதிலும் பிடிப்பற்றுப் போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்வது ஆகியவற்றைக் கவனியுங்கள். பால் கொடுப்பதை நிறுத்தாமலேயே இதற்குச் சிகிச்சை பெற முடியும்.

இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் கேட்டு, நீங்களும் உடன் செல்லுங்கள். இரவில் ஒரு பொழுதாவது தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம் அவர் தூங்கும்படி, பால் கொடுத்ததும் குழந்தையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, குழந்தைக்கு ஏதேனும் தீங்கு செய்துவிடுவோமோ என்று அஞ்சினாலோ, இல்லாதவை கண்ணுக்கும் காதுக்கும் தோன்றுவதாகச் சொன்னாலோ, ஒரு கணமும் தனியே விடாமல் அன்றே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.